அப்பா முந்திச் சொன்ன வேலை

எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த பெண்ணிடம் என் அப்பா பொய் சொன்னார். நான் அதற்குத் தலையாட்டினேன். இரண்டில் எது பெரிய தப்பு என்று கேட்டால் என்னுடையதுதான் என்பேன். அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனதே ஓட்டுப் போடத்தான். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான் என்பதை யாராவது மறந்துவிட்டால் நானே நினைவுபடுத்துவேன். அப்படிப்பட்டவள் தலையாட்டினேன்.

குமாரபாளையத்தில் எங்கள் வீடும் தறிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழேதான். முன்பக்கம் நான்கு விசைத்தறிகள், பின்பக்கம் நாங்கள் மூன்று பேர். இரண்டுக்கும் நடுவில் தார் மிஷின். பெரிய கோனில் இருக்கும் நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தரும் மிஷின் அது. நூல் சுற்றிய குச்சிக்குத் தார் என்று பெயர். தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடி ஊடை நூலை விடும் மரக்கூட்டுக்கு நாடா என்று பெயர், அதற்குள் தாரைப் போட்டால்தான் தறி ஓடும். சில நிமிடங்களில் ஒரு தார் தீர்ந்துவிடும், உடனே அடுத்ததைப் போட வேண்டும். தறிகளை அப்பா ஓட்டினார். தார் போட்டது அம்மாவும் நானும்.

அன்று ஒரு வேலைநாள், காலை பதினொரு மணி இருக்கும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லட்டுமாக ஒரு பெண் வாசலில் நின்றாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அரசுக் கணக்கெடுப்பு, வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்க வந்திருப்பதாகச் சொன்னாள். தறிச் சத்தத்தில் அவள் சொன்னது எதிர்வீட்டு அக்காவுக்குக் கேட்டதோ இல்லையோ, அவர் வந்து எங்கள் வாசல்படியருகில் நின்றுகொண்டார். அப்பா வாசல் பக்கம் இருந்த இரண்டு தறிகளை நிறுத்தினார்.

“போன வாரம் நீங்க என்ன வேல பார்த்தீங்க?”

“பார்த்தாத் தெரியலீங்களா? இதுதானுங்க.”

“அம்மா?”

“அவ ஊட்டு வேலைங்க. சும்மாதான் இருக்கறா.”

அம்மா அப்போது ஒரு கையில் கோனும் மறு கையில் ஆறேழு குச்சிகளுமாக இருந்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும் நிமிரவில்லை.

“பொண்ணு?”

அப்பா எதிர்வீட்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

“பொண்ணு காலேஜ்ல பாடம் நடத்துதுங்க.”

“எந்தக் காலேஜுங்க?”

“சேலத்துல.”

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நான் நைட்டியில் இருந்தேன். தலை முழுக்கப் பஞ்சுத் தூசி. மடியில் ஒரு தட்டுத் தார்.

“இன்னிக்கு லீவுங்களாக்கா?”

தலையாட்டினேன். அவள் டேப்லட்டில் ஏதோ தட்டினாள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது என் அருகில் வந்து, “எந்த டிபார்ட்மென்டுக்கா?” என்றாள்.

“எகனாமிக்ஸ்.” அதையாவது உண்மையாகச் சொன்னேன்.

“நான் எம்.காமுங்கக்கா. இது கான்ட்ராக்ட் வேல, எப்ப முடியும்னு சொல்ல முடியாது. உங்க காலேஜ்ல வேக்கன்ட் ஏதாச்சும் வந்தா ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. மூணு மாசம் கழிச்சு இதே ஊட்டுக்கு மறுபடியும் வரோணும். அப்பக் கேட்டுக்கறேன்.”

அதற்கும் தலையாட்டினேன்.

அவள் தெருக்கோடி தாண்டியதும் அப்பாவிடம் போனேன்.

“எதுக்குங்கப்பா பொய் சொன்னீங்க?”

“எதுத்த ஊட்டுக்காரி நிக்கறா. என்ற புள்ளைக்கு வேல இல்லீன்னு கத்திச் சொல்லச் சொல்றயா?”

“அது கவர்மென்ட் கணக்குங்கப்பா.”

“வேலையில்லாதவங்கள்ல ஒருத்தியக் கொறச்சுச் சொல்லியிருக்கறேன். நாட்டுக்கு நல்லதுதான சாமி?” என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருந்த தறிகளை ஓடவிட்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேச முடியாது.

எனக்கு மட்டும் அது ஓயவில்லை. இப்படிப்பட்ட கணக்கெடுப்பில் எல்லா வீட்டுக்கும் போக மாட்டார்கள். சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்பார்கள். அந்த ஒரு வீடு கேட்கப்படாத பல வீடுகளின் சார்பாகப் பதில் சொல்கிறது. இதை நான் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்படியென்றால் என் ஒரு தலையாட்டலில் எனக்கு மட்டுமா வேலை கிடைத்தது? என்னைப் போல வீட்டில் இருக்கும் எத்தனையோ பெண்களுக்குச் சேலத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவர்களில் ஒருத்திக்கும் அது தெரியாது.

இதோடு மூன்று மாதக் கெடுவும் சேர்ந்துகொண்டது. அதற்குள் எனக்கு நிஜமாகவே ஒரு கல்லூரியில் வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் வந்து வேக்கன்ட் இருக்கிறதா என்று கேட்கும்போது மறுபடி தலையாட்ட வேண்டும், அல்லது பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் நினைத்தாலே உட்கார முடியவில்லை.

படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எத்தனை இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன் என்று எண்ணுவதை நிறுத்தியும் நாளாகியிருந்தது. சாயங்காலங்களில் காவிரிப் பாலத்தில் நடந்து பவானிப் பக்கம் போவேன், திரும்பி வருவேன். பாலத்தின் அந்த முனையில் ஒரு முறை போனை எடுத்து மெயில் பார்ப்பேன், இந்த முனையில் ஒரு முறை. நடுவில் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். பாதி நாள் அதைக் காப்பாற்றியதில்லை.

அந்த நாட்களில்தான் உலக நாடுகளின் வேலையின்மை விகிதங்களைப் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. மற்றவர்கள் போனில் ரீல்ஸ் பார்ப்பதைப் போல நான் பட்டியல்களைப் பார்த்தேன். எந்த நாடு மேலே, எந்த நாடு கீழே. தென் ஆப்பிரிக்கா உச்சியில் இருக்கும். ஐரோப்பாவில் ஸ்பெயின் தலைதூக்கி நிற்கும். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கீழ்க்கோடிதான் என்னைக் குழப்பியது. எண்ணெய்ப் பணம் கொட்டும் கத்தார் இருந்த அதே அடிவரிசையில் கம்போடியாவும் நைஜரும் இருந்தன. நைஜர் உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அங்கே வேலையில்லாதவர்களே கிட்டத்தட்ட இல்லை என்று பட்டியல் சொன்னது.

“எந்த நாட்டுலடி வேல கொட்டிக் கெடக்குது?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு எரிச்சல்.

“நைஜர்னு ஒண்ணு இருக்குதும்மா. ஆப்பிரிக்காவுல. பாதி பாலைவனம்.”

“அப்பக் கெளம்பு. ரெண்டு நைட்டி எடுத்துக்க. அங்கயும் தார் போடற வேல இருக்கும்.”

“ஏம்மா, அதுக்கா எம்.ஏ. படிச்சேன்?”

“இங்க மட்டும் அதுக்கா படிச்ச?” என்றாள். அம்மாவுக்குச் சண்டை போடும்போதுகூடக் கை நிற்காது. பேசி முடிப்பதற்குள் நான்கு குச்சி சுற்றியிருந்தாள்.

நம் நாடு அந்தப் பட்டியலில் நடுவிலிருந்து கொஞ்சம் கீழே, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். எங்கள் தெருவிலேயே படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களை எனக்கு விரல் விட்டு எண்ணத் தெரியும். அவர்கள் எல்லோரும் அந்தச் சின்ன எண்ணுக்குள் எப்படி அடங்கினார்கள்? எல்லார் வீட்டிலும் ஒரு அப்பா பொய் சொல்லியிருப்பாரோ?

இரண்டாம் மாதம் நடுவில் போன் வந்தது. சேலத்தில் சூரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தனியார் கல்லூரி. பொருளாதாரத் துறையில் ஓர் இடம் காலி, இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், பிறகு நேர்காணல். தலைப்பை அவர்களே கொடுத்தார்கள்: உலக நாடுகளின் வேலையின்மை விகிதங்கள், ஓர் ஒப்பீடு. போனை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். எனக்காகவே எடுத்து வைத்த தலைப்பு. அந்தப் பட்டியலை என்னளவுக்குத் தின்றவர் இந்த ஜில்லாவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

“பாத்தியா சாமி, நான் சொன்னது பொய்யில்ல. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டேன், அவ்வளவுதான்.”

விண்ணப்பப் படிவம் மெயிலில் வந்தது. அதில் முன் அனுபவம் என்று ஒரு கட்டம், தற்போதைய பணி என்று இன்னொன்று. நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, “ரெண்டு வருசம்னு போட்டுரு” என்றார்.

“எந்தக் காலேஜ்னு கேப்பாங்க.”

“சேலத்துலன்னு சொல்லு.”

“அந்தக் காலேஜே சேலத்துலதானுங்கப்பா இருக்குது.”

“அப்ப ஈரோடுன்னு சொல்லு. அல்லாரும் போடறாங்க சாமி. நீ ஒருத்தி போடாம உட்டா அவிய மெச்சிக்குவாங்களா?”

அவர் சொன்னதில் தவறில்லை. என்னோடு படித்தவர்கள் சிலர் அப்படிப் போட்டுத்தான் உள்ளே போனார்கள். இரண்டு கட்டங்களையும் அப்போதைக்குக் காலியாக விட்டுவைத்தேன்.

வகுப்புக்குத் தயார் செய்யும்போது பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விளக்கங்களை முதல் முறையாக நின்று படித்தேன். அவற்றை முன்பே படித்திருக்க வேண்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேனே தவிர என் வீட்டோடு சேர்த்துப் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் உதவி செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். அவர் எத்தனை விண்ணப்பம் போட்டிருந்தாலும் சரி, எத்தனை முறை பாலத்தில் நடந்திருந்தாலும் சரி. வேலையே செய்யாமல், வேலை தேடிக்கொண்டும், கிடைத்தால் போகத் தயாராகவும் இருப்பவர்தான் வேலையில்லாதவர்.

நைஜர் எனக்குப் புரிந்துவிட்டது. சும்மா இருந்தால் அங்கே சோறு கிடையாது. அதனால் எல்லோரும் எதையாவது செய்கிறார்கள். அத்தனை பேரும் வேலையில் இருப்பவர்கள். ஸ்பெயினில் வேலை போனால் கொஞ்ச காலத்துக்காவது அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. வேலை போனவருக்குத் தேடிக்கொண்டிருக்க அவகாசம் இருக்கிறது. அதனால் அவர் வேலையில்லாதவர்.

நைஜர் புரிந்த அதே நிமிடத்தில் என் நிலைமையும் எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் தார் போடுகிறேன். இரண்டு வருடமாக நான் வேலையில் இருந்திருக்கிறேன். என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை.

நேராக அப்பாவிடம் போனேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

“நீங்க பொய்யே சொல்லியிருக்க வேண்டாமுங்கப்பா. உண்மையச் சொல்லியிருந்தாலும் எனக்கு வேல இருக்குதுன்னுதான் எழுதியிருப்பாங்க.”

“என்ன வேல?”

“தார் போடறது.”

அப்பா சிரித்தார். “தார் போடறதெல்லாம் ஒரு வேலையா? பொம்பளைங்க சும்மா இருக்கறப்பப் போடறதுதான?”

அம்மாவின் கை நின்றது. அவள் கை நின்று நான் பார்த்ததே அன்றுதான். எழுந்து தார் மிஷினின் சுவிட்சை அணைத்தாள்.

“என்னடி?” என்றார் அப்பா.

“சும்மா இருக்கறேன். நீங்க ஓட்டுங்க.”

அவள் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வைத்த தார் ஒரு தட்டு நிறைய இருந்தது. அதனால் அப்பா முதலில் கண்டுகொள்ளவில்லை. தட்டு காலியாகக் காலியாக அவர் திரும்பிப் பார்ப்பது அதிகமானது. முதல் தறி நின்றது. பிறகு கடைசித் தறி. பிறகு நடுவில் இருந்த இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக. எங்கள் வீட்டில் மின்சாரம் இருக்கும்போது அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா எழுந்ததிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அப்பா காலித் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு தானே தார் மிஷின் முன்னால் உட்கார்ந்து குச்சியை மாட்டினார். மூன்று முறை நூல் அறுந்தது.

“சிரிக்காதீங்கடி ரெண்டு பேரும்” என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு அக்காதான் சிரித்தார்.

அம்மா டீ குடித்துவிட்டு உள்ளே போனாள். அதைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை. அன்று சாயங்காலம் அந்தப் படிவத்தை எடுத்து, முன் அனுபவம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். தற்போதைய பணி என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று கடைசிவரை தெரியவில்லை. அதைக் காலியாகவே அனுப்பினேன்.

மாதிரி வகுப்பு அன்று சங்ககிரி வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். புதுச் சேலை கசங்கிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். புதிய பஸ் நிலையத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனபோது சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருந்தேன். வாட்ச்மேன், “அட்மிஷனாம்மா?” என்றார். “பாடம் நடத்த வந்திருக்கறேங்க” என்றேன். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

வகுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவ மாணவிகள். கடைசி பெஞ்சில் முதல்வர், துறைத்தலைவர் அம்மா, வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர். கரும்பலகையில் ஸ்பெயின் என்று ஒரு பக்கமும் நைஜர் என்று ஒரு பக்கமும் எழுதினேன். ஒன்றின் அருகில் மேல்நோக்கி அம்புக்குறி, மற்றதன் அருகில் கீழ்நோக்கி.

“வேலை வேணும்னா எந்த நாட்டுக்குப் போவீங்க?”

“ஸ்பெயின் மேடம்” என்றான் ஒருவன். “ஃபுட்பால் பாக்கலாம்.” சிரிப்பு. மற்றவர்கள் வேலையின்மை குறைவாக இருக்கும் நைஜர்தான் சரி என்றார்கள்.

“போன வாரம் வேலை பார்த்தவங்க யாரு?”

ஒருவரும் கை தூக்கவில்லை.

“சரி. வீட்டுக் கடையில உக்காந்து யாவாரம் பார்த்தவங்க? மாட்டுல பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தினவங்க? கோழிப்பண்ணையில முட்டை எடுத்து அடுக்கினவங்க? கொலுசுக்கு வளையம் கோத்தவங்க?”

ஒவ்வொன்றுக்கும் சில கைகள் எழுந்தன. கடைசியில் பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியிருந்தது. கொலுசுக்குக் கை தூக்கிய பெண் சட்டென்று இறக்கிக்கொண்டாள், பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“உங்களையெல்லாம் வேலையில் இருப்பவர்கள்னு எழுதிப்பாங்க” என்றேன். “இப்ப நைஜரைப் பாருங்க.”

அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தவே தேவையிருக்கவில்லை. அவர்களே நடத்தினார்கள். டிகிரி முடித்துவிட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போகும் மாமா வீட்டு அண்ணன், கல்யாணத்துக்குப் பிறகு வேலை தேடுவதை விட்டுவிட்ட அக்கா, இவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று கேட்டார்கள். அண்ணன் வேலையில் இருப்பவர். அக்கா வேலையில்லாதவர் கணக்கிலேயே வர மாட்டார், தேடுவதை நிறுத்தியவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. “அப்ப தேடாம இருந்தா நாட்டுக்கு நல்ல பேரா மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். இருபது நிமிடம் நாற்பதானது. யாரும் என்னை நிறுத்தவில்லை.

நேர்காணலில் துறைத்தலைவர் அம்மா என் படிவத்தைப் பார்த்தார்.

“கிளாஸ் நல்லா இருந்துச்சும்மா. ரெண்டு வருஷம் இடைவெளி இருக்கு. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

இதற்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போது அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்திருந்தேன்.

“எங்க வீட்டுத் தறிக்குத் தார் போட்டேங்க மேடம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்.”

முதல்வர் நிமிர்ந்தார். “அது சரிம்மா. டீச்சிங் எக்ஸ்பீரியன்ஸ்?”

“இல்லைங்க சார்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். ஒரு சொல்தான் எழுதியிருப்பார், ஆனால் அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு நானே போன் செய்தேன். அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டதாக ஆபீஸில் இருந்தவர் மரியாதையாகச் சொன்னார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் தறியில் அறுந்திருந்த ஓர் இழையை எடுத்து முடிச்சுப் போட்டார்.

“ரெண்டு வருசம்னு போட்டிருக்கலாம்ல சாமி?”

“போட்டிருக்கலாமுங்கப்பா.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார் மேல் என்று தெரியாமல். அன்று பாலத்தில் மூன்று நடை நடந்தேன். அந்த வகுப்பில் கை தூக்கியவர்களின் முகங்கள் கூடவே வந்தன. நான் நன்றாகப் பாடம் நடத்துகிறவள் என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் அது என் நம்பிக்கை மட்டும்தான். தெரிந்த பிறகு வீட்டில் இருப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மூன்று மாதம் முடிந்த ஒரு காலையில் அப்பா வேகமாக உள்ளே வந்தார். “சாமி, அந்தப் புள்ள தெரு முக்குல வருது. என்ன சொல்றது?”

போன தடவை அவர் என்னைக் கேட்கவில்லை.

“நான் சொல்லிக்கறேங்கப்பா.”

அவள் அதே அடையாள அட்டையோடு வந்தாள். எதிர்வீட்டு அக்காவும் வழக்கம்போல வந்து நின்றார். அப்பா தறியை நிறுத்தப் போனார். வேண்டாமென்று கை காட்டிவிட்டு வாசலுக்கு வந்தேன். தறிச் சத்தத்தில் பேசினால் கத்தித்தான் ஆக வேண்டும். கத்தினேன்.

“போன தடவ சொன்னது பொய்ங்க. எனக்குக் காலேஜ்ல வேல இல்ல. தேடிட்டு இருக்கறேன்.”

எதிர்வீட்டு அக்கா என் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு தறிக்குள் தலையை விட்டு எதையோ சரிபார்த்தார்.

“அப்ப அந்த வேக்கன்ட்டு…” என்றாள் அவள்.

“இல்லைங்க. என்னை நம்பி இருந்தீங்களா?”

“நம்பியெல்லாம் இல்லக்கா. லிஸ்ட்டுல ஒண்ணா வெச்சிருந்தேன்.” அவள் சிரிக்க முயன்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது, அடிபட.

கேள்விகளைத் தொடங்கினாள். போன வாரம் வீட்டுத் தொழிலில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? செய்தேன். எத்தனை மணி நேரம்? சொன்னேன். அவள் விரல் அடுத்த பக்கத்துக்குப் போனது.

“வேலை தேடினீங்களான்னு கேக்க மாட்டீங்களா?”

“உங்களுக்கு அந்தக் கேள்வி வரலீங்கக்கா.” டேப்லட்டைத் திருப்பிக் காட்டினாள். “வேலைல இருக்கறீங்கன்னு எடுத்துக்குச்சு. இன்னும் கூடுதலா வேல செய்யத் தயாரான்னு ஒண்ணு இருக்குது. போடட்டுங்களா?”

“போடுங்க. எவ்வளவு பெருசாப் போட முடியுமோ அவ்வளவு பெருசா.”

“டிக்தானுங்கக்கா. பெருசு சிறுசு இல்ல.”

எனக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் கண்ணெதிரே நடந்தபோது விழுங்க முடியவில்லை. அப்பாவின் பொய் என்னை எந்த வரிசையில் உட்கார வைத்ததோ, அதே வரிசையில்தான் என் உண்மையும் உட்கார வைத்தது. வேலையும் வேறு, சம்பளமும் வேறு, ஆனால் நாட்டின் அந்தச் சின்ன எண்ணைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்று மாதம் நான் துடித்ததற்கு அந்தத் திரையில் ஓர் அசைவுகூட இல்லை.

“அம்மாவுக்குப் போன தடவை மாதிரியே ஊட்டு வேலைன்னு போட்டுக்கட்டுங்களா?” என்று அவள் கேட்டாள்.

“இல்லைங்க. அவங்களையே கேளுங்க.”

“என்னையுங் கேக்கோணுமா?” என்றாள் அம்மா. கை நிற்கவில்லை.

“ஆமாங்கம்மா. போன வாரம் ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தார் போட்டீங்க?”

“தறி ஓடற நேரமெல்லாம் போட்டேன்.”

“அப்படி எழுத முடியாதுங்கம்மா. நம்பர் சொல்லோணும்.”

“எட்டுன்னு போடுங்க” என்றது அப்பாவின் குரல். தலை இன்னும் தறிக்குள்தான் இருந்தது.

“பத்து” என்றாள் அம்மா.

அப்பா மறுக்கவில்லை. அந்தப் பெண் பத்து என்று தட்டினாள். என் அம்மா அன்று முதல் முறையாக வேலையில் இருப்பவர்கள் கணக்கில் சேர்ந்தாள். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. தட்டை என் பக்கம் தள்ளி, “இந்தா, இதக் கொண்டு போய் உங்கப்பாகிட்டக் குடு” என்றாள்.

கணக்கெடுத்தவள் கிளம்பும்போது கூடவே நடந்தேன். ஓமலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று முந்தின நாள் பாலத்தின் அந்த முனையில் பார்த்திருந்தேன். பொருளாதாரத்துக்கு ஓர் இடம், வணிகவியலுக்கு ஓர் இடம். அதை அவள் போனுக்கு அனுப்பினேன்.

“இது நெசமுங்களா?” என்றாள்.

“நெசந்தான். வேல கெடைக்குமான்னு சொல்ல மாட்டேன். வேக்கன்ட் நெசம்.”

இப்போது அந்தக் கல்லூரியின் படிவம் என் முன்னால் இருக்கிறது. இதை அச்சடித்துப் பேனாவால் நிரப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். முன் அனுபவம் என்ற இடத்தில் மறுபடியும் இல்லை என்று எழுதிவிட்டேன். தற்போது பணியில் உள்ளீரா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். ஆம் என்பதில் டிக் போட்டேன். பக்கத்தில் குடும்ப விசைத்தறி, தார் போடுதல், இரண்டு வருடம், சம்பளம் இல்லை என்று எழுதினேன். இடம் போதவில்லை. ஓரத்தில் தாளைத் திருப்பி மேலிருந்து கீழாக, வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்றும் எழுதினேன்.

“தட்டு காலியாகுதுடி” என்று அம்மா கூப்பிடுகிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.